கடைசி ரீலைப் போடவிடாத சிஸ்டர்

பரவை மார்க்கெட்டுக்கு எதிரே எனக்கு ஒரு மைக் செட் கடை இருக்கிறது. போன மாதம் ஒருநாள் காலையில் கன்னியர் மடத்து வேன் வந்து கடை வாசலில் நின்றது. டிரைவர் அந்தோணி இறங்காமலே, "அண்ணே, ரெண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், நாலஞ்சு டியூப் லைட்டு வேணும். இப்பவே வேணும்" என்றான். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். "முதல் நாளே வந்து சொன்னா மடத்துல யாரும் கோவிச்சுக்கிருவாகளா? முகூர்த்த நாளும் அதுவுமா வந்து நின்னா நான் எங்கடா போவேன்? அப்படி என்ன விசேஷம்?" என்று பிடித்துக்கொண்டேன். அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. "விசேஷம் இல்லண்ணே. நம்ம அமலம் சிஸ்டரு" என்றான்.

முகூர்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த செட்டைத்தான் தூக்கி வேனில் ஏற்றினேன். கல்யாண வீட்டுக்காரர்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

சிஸ்டர் அமலோற்பவத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? அவர் நடத்திய தையல் பள்ளியைப் பற்றியும் மருந்தகத்தைப் பற்றியும் அடக்கத்தன்று எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். நான் அவருக்குப் படம் ஓட்டியவன். எழுபதுகளின் நடுவிலிருந்து, மடத்து வேனில் ஜெனரேட்டரையும் புரொஜக்டரையும் ஏற்றிக்கொண்டு, அலங்காநல்லூரிலிருந்து பேரையூர் வரைக்கும் அவரோடு ஊர் ஊராகச் சுற்றியவன். அந்தக் கதையை மேடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதற்கு முன்னால் நான் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தேன். முதலாளி இரண்டாவது ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று படத்தை அங்கங்கே வெட்டச் சொல்வார். நான் மாட்டேன் என்பேன். ஒருநாள் பேச்சு முற்றி வேலை போனது. சும்மா இருந்த என்னை யாரோ சொல்லித் தேடி வந்தார் சிஸ்டர். வெள்ளை அங்கி, தலையில் முக்காடு, காலில் டயர் செருப்பு. வந்ததும் வராததுமாக, "உங்களுக்குப் படம் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? "தெரியாமலா இம்புட்டு வருசம் அந்தக் கொட்டகையில குப்பை கொட்டுனேன்?" என்றேன். "கோவம் வருதுல்ல, அப்பத் தெரியும். வாங்க" என்று வேனில் ஏறச் சொன்னார். கடைசிவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆப்பரேட்டர்தான்.

மடத்தில் இருந்தது ஒரே ஒரு படம். வெளிநாட்டிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படம், நான்கு ரீல். பிழைக்க வழியில்லாத ஏழைகள் கப்பலேறிக் கடல் கடந்து ஒரு பெரிய பட்டணத்துக்குப் போகிறார்கள். அங்கே அவர்களை மனிதராக மதிப்பார் இல்லை. அவர்களுக்காக ஒரு கன்னியாஸ்திரி பின்னாலேயே போய், வாசல் வாசலாக நின்று, இடம் கேட்டு, சோறு கேட்டு, சண்டை போடுகிறார். இதுதான் கதை. படத்தின் பெயரை யாரும் படித்ததில்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் 'கப்பல் படம்'.

படத்தில் பேசுகிற பாஷை ஒருவருக்கும் புரியாது. அதனால் நான் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். சிஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொள்வார். அவர் கதை சொல்ல மாட்டார், பேசுவார். திரையில் அந்தக் கன்னியாஸ்திரி வாயைத் திறந்தால் ஸ்பீக்கரில் சிஸ்டரின் குரல் வரும். "ஐயா, இன்னைக்கு இல்லேன்னு சொல்லீட்டீக, சரி. நாளைக்கு வாரேன். நாளைக்கும் இல்லேன்னாலும் போறதுக்கு எனக்கு வேற வாசல் இல்ல" என்று அந்த வெள்ளைக்காரியம்மா பேரையூர்த் தமிழில் மேயரிடம் சொல்வார். உதட்டுக்கும் பேச்சுக்கும் அப்படிப் பொருந்தும்! சினிமாக் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால் சிஸ்டரை மடத்தில் விட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் களத்துமேட்டில் படம் போட்டோம். இளவட்டங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் ஒருவன் எழுந்து, "சிஸ்டர், சண்டை எப்ப வரும்?" என்று கத்தினான். நான் அவனை அதட்டப் போனேன். சிஸ்டர் மைக்கிலேயே, "வருது மாப்ள, ஒக்காரு" என்றார். கூட்டம் சிரித்து உருண்டது. அந்தக் கன்னியாஸ்திரி மேயரின் அறைக்குள் காவலாளைத் தள்ளிக்கொண்டு நுழைகிற இடம் வந்ததும், "இந்தா சண்டை வந்துருச்சு, நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அந்தப் பயல்கள் அடித்த விசிலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

எனக்கும் அவருக்கும் வந்த பெரிய சண்டை கடைசி ரீலைப் பற்றியது. நாலாவது ரீலில் அந்தக் கன்னியாஸ்திரி நோயில் விழுந்து இறந்துபோவார். ஊர்வலம் நடக்கும். அதுவரை வாசலில் நிற்கவைத்த பெரிய மனிதர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் வருவார்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை முழுப் படத்தையும் ஓட்டினோம். ஜனங்கள் அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், "நல்ல படம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஊரில் மூன்றாவது ரீல் முடிந்ததும் எழுந்து நின்று, "படம் அம்புட்டுதான், எந்திரிங்க" என்று மைக்கை அணைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! படத்தை வெட்ட மாட்டேன் என்று வேலையை இழந்தவன் நான். "கடைசி ரீலைப் போடாம எந்திரிக்கச் சொல்றது, பந்தியில ஒக்காந்தவனுக்கு மோர் ஊத்தாம இலையை எடுக்கிற மாதிரி இருக்கு சிஸ்டர். இது அடுக்காது" என்றேன். அவர் என்னைத் திருமங்கலத்தில் பருத்திப்பால் கடை வாசலில் நிறுத்தி, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அந்தம்மா செத்துப்போனா ஜனங்க அழுதுட்டு வீட்டுக்குப் போயிருதுக. அழுதாச்சு, கடமை முடிஞ்சதுன்னு ஆயிருது. சாகலேன்னு வைங்க, பெறகு என்னாச்சுன்னு கேக்கும்ல? அந்தக் கேள்விதான் ஆப்பரேட்டர் எனக்கு வேணும். பெரிய மனுசங்க மாலை போடுறதைக் காட்டவா நான் பெட்ரோல் ஊத்தி ஜெனரேட்டர் ஓட்டுறேன்?"

அவர் சொன்னதுபோலவே கேட்டார்கள். எந்த ஊரிலும் யாராவது ஒருவர், "பெறகு என்னாச்சு சிஸ்டர்?" என்று வந்து நிற்பார். "காலையில வந்து கேளுங்க, இங்கதான் இருப்பேன்" என்பார். அந்த ஊரிலேயே பள்ளிக்கூடத்திலோ கோயில் சாவடியிலோ தங்குவோம். காலையில் வருகிறவர்களிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த ஊரில் யாருக்கு என்ன இல்லை என்றுதான் பேச்சு போகும்.

இப்போது பேரையூர்க் கதைக்கு வருகிறேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்கள் மண்டபம் முகாமில் கிடந்துவிட்டு, பேரையூருக்கு அப்பால் ஒரு பொட்டலில் குடியமர்ந்தன. பச்சை மலையில் பிறந்து வளர்ந்த ஜனங்களைக் கொண்டுவந்து கருவேல முள்ளுக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஊர். ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, சுற்றிலும் சுவரெழுப்பிக் கதவு போட்டது. சிலோன்காரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. காரணம் கேட்டால், "என்ன ஆளுகன்னே தெரியலையே" என்றார்கள். அந்த ஜனங்களிடம் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டால், "தோட்டத்து ஆளுங்க" என்றார்கள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

அந்தக் கோடையில் பெண்கள் காத தூரம் நடந்து கலங்கல் தண்ணீர் சுமந்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. மரம் வெட்ட ஆள் பிடிக்கிற ஒரு கங்காணி வந்து, மலைப்பக்கம் வாருங்கள், தண்ணீருக்குக் குறைவில்லை என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தான். அங்கே போனவர்கள் கொத்தடிமையாகக் கிடந்து எப்படித் திரும்பினார்கள் என்பது சிஸ்டருக்குத் தெரியும். கிணறு திறக்காவிட்டால் அந்த வாரமே லாரி வரும், குடியிருப்பு கலைந்துபோகும் என்ற நிலை. ஊர்ப் பெரியவர் ஒச்சப்பன் ஐயாவை அவர் பலமுறை பார்த்துக் கேட்டுவிட்டார். ஐயா ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுவார்.

"நாளைக்கு அங்க படம் போடுறோம்" என்றார் சிஸ்டர். "குடிக்கத் தண்ணி இல்லாத எடத்துல படமா?" என்றேன். "ஆமா. தெரையை ஊருக்குள்ள கட்ட வேணாம், குடியிருப்புலயும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல வண்டிப்பாதையில கட்டுங்க" என்றார்.

மெல்லிய வெள்ளைத் துணித்திரை அது. புரொஜக்டர் இருந்த பக்கம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். துணிக்கு மறுபக்கம் குடியிருப்பு ஜனங்கள். அந்தப் பக்கம் படம் இடவலமாகத் திரும்பித் தெரியும், ஆனால் தெரியும். கப்பல் வருகிற காட்சியில் மறுபக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. ராசம்மா என்ற பெண். பின்னால் அவளே சொன்னாள்: "ஊர்க்காரங்களுக்குக் கப்பல் வந்திச்சுண்ணே. எங்களுக்கு அது திரும்பிப் போச்சு. அப்படியே ஏறிப் போயிரலாமான்னு இருந்திச்சு."

படத்தில் ஒரு பணக்காரர் வருவார். ஏழைகளுக்குத் தங்க இடம் வேண்டுமென்று தன்னுடைய பழைய கட்டடத்தைக் கேட்டு வருகிற கன்னியாஸ்திரியின் முகத்துக்கு நேரே இரும்புக் கதவைச் சாத்துவார். அன்றைக்கு அந்த இடம் வந்ததும் ஸ்பீக்கரில், "ஐயா, தண்ணிதான் கேக்குறோம். பச்சப் புள்ளைக நாக்கு வறண்டு கெடக்குதுக. உங்க கிணறு வத்தவா போகுது?" என்று குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டடம் கிணறாகிவிட்டதே! கதவு சாத்தியதும் ஊர்ப் பெண்கள் மண்ணை வாரித் திரையில் அந்த ஆளின் மூஞ்சியில் அடித்தார்கள். "நாசமாப் போறவன், தண்ணிக்கா கதவைச் சாத்துவான்?" என்று ஒரு அம்மாள் போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. போட்ட பிறகுதான் தன்னைச் சுற்றிப் பார்த்து, முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

காலையில் ஒச்சப்பன் ஐயா வந்தார். பள்ளிக்கூட வாசலில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, படத்துல வந்தது நீங்கதானே?" என்றார். அதே வெள்ளை அங்கி, அதே முக்காடு, அதே குரல். ஊரே ராத்திரி அப்படித்தான் முடிவு கட்டியிருந்தது. இந்த அம்மா வெள்ளைக்காரன் சீமைக்குப் போய் மேயரையே ஒரு கை பார்த்துவிட்டு வந்தவர் என்று! "ஐயையோ, நான் இல்லீங்கய்யா, அது யாரோ நடிகை" என்று சிஸ்டர் பதறினார். "பெரியவுக இப்பிடித்தேன் சொல்லுவாக" என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நாளப்பின்ன எங்க ஊரையும் இது மாதிரிப் படம் பிடிச்சுக் காட்டுவாகளோ?" என்றார். சிஸ்டர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடி, டம்ளருக்குள் பார்த்தார்.

ஒச்சப்பன் ஐயா நேரே போய் ஊரைக் கூட்டினார். "நாளைக்கு நம்ம ஊரை, தண்ணிக்குக் கதவைச் சாத்துன ஊருன்னு கடல் தாண்டிக் காட்டிப்புட்டா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். ராத்திரி மண்ணள்ளிப் போட்டவர்களால் என்ன பேச முடியும்? உச்சிப் பொழுதுக்குள் கதவு திறந்தது. முதல் குடம் ராசம்மா எடுத்தாள். கங்காணியின் லாரி வந்தது. வெறும் லாரியாகவே திரும்பியது.

வேனில் வரும்போது நான் சிஸ்டரைச் சும்மா விடவில்லை. "கட்டடம் எப்படி சிஸ்டர் கிணறு ஆச்சு? அது பொய்யில்லையா?" என்றேன். "அது மொழிபெயர்ப்பு" என்றார் முகத்தைத் திருப்பாமல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அதை விடுங்க. அந்தப் பெரியவர் கேட்டப்ப நான் பொய் சொல்லலை. ஆனா மெய்யை அவரு நம்புற மாதிரி சொல்லவும் இல்ல. கிணறு ஏமாத்துனதுனால தொறந்துச்சோ?" என்றார். அந்தக் கேள்வி அவரை விடவேயில்லை. சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னாராம். "சாமியாரு சிரிச்சுட்டாரு. எனக்குத்தான் சிரிப்பு வரலை" என்றார்.

பேரையூருக்குப் போகும்போதெல்லாம் ஒச்சப்பன் ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று கிளம்புவார். சொன்னால் கதவு மறுபடி சாத்திவிடுமோ என்று வழியெல்லாம் பயப்படுவார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஐயா, அந்தப் படம் இருக்குல்ல…" என்று ஆரம்பித்தால் அவர், "வெயிலு எம்புட்டுப் போடு போடுது பாத்தீகளா, மோரு குடிங்கம்மா" என்று எழுந்துவிடுவார். திரும்பி வரும்போது சிஸ்டரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. படுக்கையில் விழுந்த பிறகு நான் பார்க்கப் போயிருந்தபோதும், "அந்த மனுசன்கிட்டச் சொல்லாமலே போயிருவேன் போல ஆப்பரேட்டர்" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

அடக்கத்தன்று பேரையூர் பஸ்ஸில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. ஊர்க்காரர்கள், குடியிருப்புக்காரர்கள், எல்லாரும் கலந்து. ஒச்சப்பன் ஐயா தள்ளாடிக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் கட்டியிருந்த மரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சிஸ்டர் சொல்லாமல் விட்டதை நானாவது சொல்லிவிடலாமென்று, "ஐயா, அந்தப் படத்துல வந்தது…" என்று தொடங்கினேன்.

"அது இந்தம்மா இல்லைன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "அந்தப் படத்தம்மாவுக்கு மூக்கு என்ன, மொகம் என்ன! அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தேன் தெரிஞ்சுச்சு."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "பெறகு எதுக்குய்யா அப்படிக் கேட்டீக?"

"அந்தக் கதவைத் தொறக்கணும்னு எனக்கு மாசக்கணக்கா மனசு கெடந்து அடிச்சுக்குது. என் பேத்தி வயசுப் புள்ளைக கொடத்தைத் தூக்கிட்டு என் வாசலைத் தாண்டித்தேன் போகுதுக. நானாத் தொறந்தா ஊரு என்னைச் சும்மா விடுமா? ஒரு சாக்கு வேணும்ல. அம்மா கொண்டாந்து குடுத்தாக, பிடிச்சுக்கிட்டேன்."

"இதை அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்லய்யா!" என்று கத்திவிட்டேன். கல்லறைத் தோட்டம் என்றுகூடப் பார்க்கவில்லை. நாலு பேர் திரும்பினார்கள்.

அவர் கோபப்படவில்லை. "அவுக அந்தப் பேச்சை எடுக்குறப்பல்லாம் எனக்கு ஈரக்கொலை நடுங்கும்யா. நாலு பேரு முன்னாடி உண்மையைச் சொல்லி, என் சாக்கைப் பிடுங்கிருவாகளோன்னு. அதேன் மோரு குடிங்கன்னு எந்திரிச்சுருவேன்" என்றார். "இப்ப யாருகிட்டனாலும் சொல்லுங்க. இனி அந்தக் கதவைச் சாத்த எவனுமில்ல. கதவே இத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அவர் பயந்து மோர் கொடுத்தார், சிஸ்டர் பயந்து மோர் குடித்தார். இரண்டு நல்ல மனிதர்கள் இத்தனை வருடமாக!

முப்பதாம் நாளன்று படம் போட வேண்டுமென்று அந்த ஊரே கேட்டது. "அம்மாவைப் பாக்கணும்" என்றார்கள். மடத்தில் அனுமதி கொடுத்தார்கள். அதே வண்டிப்பாதையில் திரையைக் கட்டினேன். இந்தத் தடவை துணிக்கு மறுபக்கம் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் ஒரே பக்கம். படத்தை ஓடவிட்டுச் சத்தத்தைக் குறைத்த பிறகுதான் மைக் சும்மா கிடப்பது எனக்கு உறைத்தது. வேறு யாருக்கு அந்தப் பேச்சு வரும்? ராசம்மா எழுந்து வந்து மைக்கை எடுத்தாள். இப்போது அவளுக்குத் தலை நரைத்திருக்கிறது. இரும்புக் கதவு வந்ததும், "ஐயா, தண்ணிதான் கேக்குறோம்" என்றாள். ஒச்சப்பன் ஐயா முன் வரிசையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மண்ணை அள்ளத் தரையைத் தடவினார். ஊரே சிரித்தது, அழுதது.

மூன்றாவது ரீல் முடிந்தது. நாலாவது ரீல் டப்பா என் காலடியில் இருந்தது. இன்றைக்காவது அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல சாவைக் காட்டி, நாமும் அழுது முடித்துவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றுவது ஞாபகம் வந்தது. புரொஜக்டரை அணைத்தேன். "படம் அம்புட்டுதான், எந்திரிங்க" என்றேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கயிற்றுக் கட்டிலிலிருந்து ஒச்சப்பன் ஐயாவின் குரல் வந்தது: "பெறகு என்னாச்சு?"

நான் பரவைக்குத் திரும்ப வேண்டியவன். மறுநாள் ஒரு காதுகுத்துக்குச் செட் கட்ட அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். "காலையில வந்து கேளுங்கய்யா, இங்கதான் இருப்பேன்" என்றேன்.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியமும், ஓட்டாத அந்த ரீலும்தான். அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் படுத்தேன். விடிந்தபோது எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.